சிறு வயிறும் பெருந்தேவையும்: சேர்வராயன் மலையில் குழந்தை உணவின் அறிவியல்

மனித உடல் மிக விரைவாக வளரும் காலம் பிறப்புக்குப் பிந்திய முதல் ஆண்டே ஆகும். ஏறத்தாழ 3 கிலோ எடையுடன் பிறக்கும் குழந்தை, ஐந்தாம் மாதத்தையொட்டி அதன் இரு மடங்கையும், ஓராண்டு நிறையும்போது மும்மடங்கையும் எட்டுகிறது. பிறக்கும்போது வளர்ந்தவரின் மூளை எடையில் கால் பங்கே இருந்த அதன் மூளை, இரண்டு வயதுக்குள் ஐந்தில் நான்கு பங்கு அளவை நெருங்கிவிடுகிறது. குழந்தை அசையாமல் உறங்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் பாதிக்கு மேல் அந்த மூளையே எடுத்துக்கொள்கிறது. இத்தனை பெரிய தேவையை நிறைவு செய்ய வேண்டிய இரைப்பையோ, உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 30 கிராம் என்ற அளவில்தான் ஒரு வேளை உணவைக் கொள்ளும். குழந்தைக்கு எதை ஊட்டுவது, எவ்வளவு ஊட்டுவது, எப்போது தொடங்குவது என்னும் கேள்விகள் யாவும், வயிறு சிறிதாகவும் தேவை பெரிதாகவும் இருக்கும் இந்த முரணிலிருந்தே எழுகின்றன.

இக்கேள்விகளை ஓர் இடத்தின் உணவோடும் தொழிலோடும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவற்றுக்குப் பயனுள்ள விடை கிடைக்கும். சேலம் நகரை அடுத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக எழும் சேர்வராயன் மலையும், அதன் மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஏற்காடும் அதற்குப் பொருத்தமான களமாகும். தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறைகளாகக் கேழ்வரகும் சாமையும் தினையும் விளைவித்து வந்த இம்மலையில், சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் காப்பிச் செடியை அறிமுகப்படுத்தினார். இன்று மலையில் காப்பியும் மிளகும் விளையும் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. சிறுதானியம் விளைந்த நிலம் சுருங்கியுள்ளது. 2011 முதல் நியாயவிலைக் கடைகளில் விலையின்றிக் கிடைக்கும் அரிசி, பசியைப் போக்கிய அதே வேளையில் அன்றாடத் தட்டில் முதலிடத்தையும் பெற்றுவிட்டது. இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் குழந்தையின் கிண்ணம் வரை வந்து சேர்கின்றன.

முதல் ஆறு மாதங்கள்

பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதங்கள் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக நலவாழ்வு நிறுவனமும் இந்திய அரசும் ஒருசேர வலியுறுத்தும் விதியாகும். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். முதல் சில நாட்களில் சிறிதளவே சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் நோய்த்தொற்றைத் தடுக்கும் எதிர்ப்புப் புரதங்கள் செறிந்துள்ளன. அதன் அளவு குறைவாக இருப்பது குறைபாடன்று, ஏனெனில் அந்நாட்களில் குழந்தையின் இரைப்பைக்கு வேண்டியதும் அவ்வளவே. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாவில் தடவுவதும், சேனை வைப்பதும், உரை மருந்து இழைத்துப் புகட்டுவதும் குழந்தையின் நன்மை கருதிச் செய்யப்பட்ட வழக்கங்களே ஆயினும், அவை குழந்தை பால் குடிக்கும் வேகத்தைக் குறைப்பதோடு கிருமிகள் குடலுக்குள் நுழையவும் வழிவிடுகின்றன.

தாய்ப்பால் 100 மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 65 முதல் 70 கிலோகலோரி ஆற்றல் தருகிறது. சுரப்பு நிலைபெற்ற பின் குழந்தை ஒரு நாளில் ஏறத்தாழ 750 முதல் 800 மில்லி லிட்டர் வரை குடிக்கிறது. பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீரே ஆதலால், கோடையிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. பால் போதவில்லையோ என்ற அச்சம் பெரும்பாலான தாய்மார்களுக்கு ஏற்படுகிறது. குழந்தை அழுவதை மட்டும் வைத்து இதனை அறிய இயலாது; முதல் வாரத்துக்குப் பின் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிப்பதும், முதல் மூன்று மாதங்களில் எடை நாளுக்குச் சராசரியாக 25 முதல் 30 கிராம் வரை கூடுவதுமே நம்பத்தக்க அடையாளங்கள். மார்பிலிருந்து எவ்வளவு பால் எடுக்கப்படுகிறதோ அந்த அளவுக்கே மீண்டும் சுரக்கும் என்பதால், இரண்டொரு வேளை புட்டிப்பால் கொடுக்கத் தொடங்கினால் சுரப்பு உண்மையிலேயே குறையத் தொடங்குகிறது. இல்லாத பற்றாக்குறை இவ்வாறு உருவாக்கப்படுகிறது. இதனை உணர்ந்தே இந்திய நாடாளுமன்றம் 1992-இல் குழந்தைப்பால் மாற்றுகள், பால்புட்டிகள் ஆகியவற்றின் விளம்பரத்தைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றி, 2003-இல் அதனை மேலும் இறுக்கியது.

ஆறாம் மாதத்தில் நிகழும் மாற்றம்

ஆறு மாதங்களுக்குப் பின் தாய்ப்பாலின் தரம் குறைந்துவிடுவதில்லை; குழந்தையின் தேவை அதனைக் கடந்து செல்கிறது. ஆற்றலைப் பொறுத்தவரை, 6 முதல் 8 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேல் நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோகலோரியும், 9 முதல் 11 மாதத்தில் 300 கிலோகலோரியும், 12 முதல் 23 மாதத்தில் 550 கிலோகலோரியும் பிற உணவிலிருந்து கிடைக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தாமல் அதற்குத் துணையாகத் தரப்படும் இவ்வுணவே இணை உணவு எனப்படுகிறது. தாய்ப்பால் இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம்.

இரும்பைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் கடுமையானது. கருவில் இருக்கும்போதே, சிறப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், குழந்தை தன் ஈரலிலும் குருதியிலும் இரும்பைச் சேமித்துக்கொண்டு பிறக்கிறது. அச்சேமிப்பு நான்கு முதல் ஆறு மாதங்களில் தீர்ந்துவிடுகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் சோகையுள்ள தாயின் குழந்தைக்கும் அது இன்னும் முன்னதாகவே தீரும். அதனால்தான் பிறந்தவுடன் தொப்புள்கொடியைக் கட்டாமல் ஒரு நிமிடமேனும் காத்திருக்க வேண்டும் என்று மருத்துவம் கூறுகிறது; அந்தச் சிறு பொழுதில் நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்குள் பாயும் குருதி, பல வாரங்களுக்கு வேண்டிய இரும்பைக் கொண்டுசேர்க்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் குழந்தையின் உடல் நாளொன்றுக்குச் சுமார் 0.7 மில்லிகிராம் இரும்பைக் குருதியில் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்க, ஒரு லிட்டர் தாய்ப்பாலில் இருப்பதே 0.3 முதல் 0.4 மில்லிகிராம்தான், அதில் பாதி உறிஞ்சப்பட்டாலும் தேவையின் பெரும்பகுதி எஞ்சியே நிற்கிறது.

உடலும் இந்த வயதில் புதிய உணவுக்கு ஆயத்தமாகிறது. தலை ஆடாமல் நிற்கிறது. பிடித்து உட்கார வைத்தால் குழந்தை உட்காருகிறது. வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளும் அனிச்சைச் செயல் மறைகிறது. பெரியவர் உண்பதைப் பார்த்துக் கை நீட்டுகிறது. நான்கு மாதத்துக்கு முன் உணவு தொடங்குவது கேடு. எட்டு மாதம் வரை தள்ளிப்போடுவதும் அதே அளவுக்குக் கேடு.

கஞ்சியின் கணக்கு

இணை உணவு என்றதும் பெரும்பாலான வீடுகளில் முதலில் வைக்கப்படுவது கஞ்சி. குழந்தைக்குச் செரிக்க வேண்டும், தொண்டையில் சிக்கக் கூடாது என்னும் கவலையால் அது நீர்க்கக் காய்ச்சப்படுகிறது. இவ்விடத்தில்தான் சிறு வயிற்றுக்கும் பெருந்தேவைக்கும் இடையிலான முரண் கூர்மை பெறுகிறது. 100 கிராம் கஞ்சியில் 5 கிராம் மாவு இருந்தால் அது தருவது 20 கிலோகலோரிக்கும் குறைவான ஆற்றலே. அந்தக் கஞ்சியிலிருந்து 200 கிலோகலோரி பெற வேண்டுமானால் 8 கிலோ எடையுள்ள குழந்தை நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். ஒரு வேளைக்கு ஏறத்தாழ 240 கிராம் மட்டுமே கொள்ளும் வயிற்றில், தாய்ப்பாலுக்கும் இடம் விட்டு, இது நடக்கக்கூடியதன்று. குழந்தை வயிறு நிறைந்து உறங்குகிறது. உடலோ பட்டினி கிடக்கிறது. தாய்ப்பாலை விட ஆற்றல் குறைந்த கஞ்சி தாய்ப்பாலின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், ஊட்டத் தொடங்கிய பின்னரே எடை தேங்கும் குழந்தைகள் பலர்.

மாவைக் கூட்டினால் வேறொரு தடை எழுகிறது. தானிய மாவிலுள்ள மாப்பொருள் மணிகள் சூடான நீரில் நீரை உறிஞ்சிப் பல மடங்கு பருத்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால், 100 கிராமுக்கு 10 கிராம் மாவு சேர்த்ததுமே கஞ்சி கூழாகவும், 20 கிராம் சேர்த்தால் களியாகவும் இறுகிவிடுகிறது. பல் முளைக்காத குழந்தையால் களியை விழுங்க இயலாது. தாய் மீண்டும் வெந்நீர் ஊற்றிக் கரைக்கிறார். ஆற்றல் மீண்டும் நீர்த்துப்போகிறது.

இந்தச் சிக்கலுக்கான விடை தானியத்தின் உள்ளேயே இருக்கிறது. விதை முளைக்கும்போது, தன்னுள் சேமித்த மாப்பொருளை இளம் முளைக்கு உணவாக்கிக்கொடுக்க ஆல்ஃபா அமைலேஸ் என்னும் நொதியை உருவாக்குகிறது. மாப்பொருளின் நீண்ட சங்கிலிகளைக் கத்தரிக்கோல் போல இடையிடையே வெட்டுவது அந்நொதியின் வேலை. சங்கிலிகள் குறுகியதும் அவற்றால் நீரைப் பிடித்துவைத்து இறுக இயலாது. ஆகவே முளைகட்டிய தானிய மாவில், மாவின் அளவைக் குறைக்காமலேயே கஞ்சி இளகிவிடுகிறது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் மல்லேஷியும் தேசிகாச்சாரும் முளைகட்டிய கேழ்வரகையும் பச்சைப்பயற்றையும் கொண்டு குழந்தை உணவு தயாரிக்கும் முறையை 1980-களில் விரிவாக ஆராய்ந்தனர். பரோடாவில் தாரா கோபால்தாஸ் குழுவினர், கெட்டியான கஞ்சியில் இத்தகைய மாவைச் சிறிதளவு கலந்தாலே அது இளகிவிடும் என்பதைக் காட்டினர். மாவின் மொத்த எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு முளைத்தானிய மாவு இருந்தாலே போதும். இளகிய அந்தக் கஞ்சி ஒரு கிராமுக்கு 0.7 முதல் 0.8 கிலோகலோரி வரை தரவல்லது. 200 கிலோகலோரி இப்போது 300 கிராமுக்குள் அடங்கிவிடுகிறது.

சிறுதானியங்களில் இந்நொதி நிறைந்து சுரப்பது கேழ்வரகிலாகும். ஆகவே இம்மலை தலைமுறைகளாக விளைவித்த தானியமே இந்த அறிவியலுக்கு மிக உகந்ததாக அமைந்துவிட்டது. கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி ஒன்றிரண்டு நாட்கள் முளைவிடச் செய்து, நிழலில் உலர்த்தி, வேர்முளைகளைத் தேய்த்து நீக்கி, இளஞ்சூட்டில் மட்டும் வறுத்து அரைக்க வேண்டும். மணம் வரும்வரை நன்கு சிவக்க வறுக்கும் வழக்கம் சுவைக்கு நல்லதாயினும், அந்தச் சூட்டில் நொதி அழிந்துவிடுவதால் மாவு இளக்கும் திறனை இழக்கிறது. கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சியைக் கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலாக ஆறவிட்டு, முளைமாவு ஒரு தேக்கரண்டி சேர்த்துக் கிளறி, இளகியதும் மீண்டும் ஒரு கொதி வரச் செய்வதே முறை. ஏற்காட்டில் மார்கழி, தை மாதக் குளிரில் முளைப்பு மெதுவாகும். பனிமூட்டத்தில் தானியம் உலரத் தாமதமாகிப் பூஞ்சை பிடிக்கும். ஆதலால் வெயில் காயும் மாதங்களில் மாவு தயாரித்து, ஈரம் புகாத டப்பாவில் சேமிப்பதே பாதுகாப்பானது. கசப்பு வாடையோ பூஞ்சையோ கண்ட தானியத்தையும் நிலக்கடலையையும் கழுவியோ வறுத்தோ காப்பாற்ற முயலக் கூடாது. பூஞ்சை நஞ்சு சமையல் சூட்டில் அழிவதில்லை.

தானியத்துக்கு மேல் வேண்டியவை

கேழ்வரகு 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. எலும்பும் பல்லும் உருவாகும் வயதில் இவ்வேறுபாடு பெரிது. ஆனாலும் எந்தத் தானியமும் தனித்து முழு உணவாவதில்லை. தானியப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவான கந்தக அமினோ அமிலங்கள் தானியத்தில் உள்ளன. இரண்டு பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பாசிப்பருப்போ துவரம்பருப்போ சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

பருப்பு வேகவைப்பதில் மலை உயரத்துக்கு ஒரு தனி விளைவு உண்டு. காற்றழுத்தம் குறைவதால், 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பானையில் வெப்பம் அதற்கு மேல் ஏறாது. சமவெளியில் அரைமணியில் குழையும் பருப்பு இங்கே கூடுதல் நேரம் கேட்கும். அரைவேக்காட்டுப் பருப்பு குழந்தைக்குச் செரிக்காது. முன்னதாக ஊறவைப்பதும், குக்கரைப் பயன்படுத்துவதும், வெந்தபின் மசித்துப் பார்ப்பதும் எனவே இங்கு இன்றியமையாதவை. குடிநீரைப் பொறுத்தவரை அச்சம் வேண்டியதில்லை. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்த நீரில், இவ்வுயரத்திலும் நோய்க்கிருமிகள் அழிந்துவிடும்.

ஆற்றலைச் செறிவாக்க எளிய வழி கொழுப்பாகும். ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ 40 கிலோகலோரிக்கு மேல் சேர்க்கிறது. கஞ்சியின் இளக்கத்தையும் கூட்டுகிறது. வளர்ந்தவர்க்கு அளவோடு சொல்லப்படும் கொழுப்பைக் குழந்தைக்கும் குறைப்பது தவறு, ஏனெனில் தாய்ப்பாலின் ஆற்றலில் பாதியளவு கொழுப்பிலிருந்தே வருகிறது. ஏற்காட்டுத் தோட்டங்களில் நிழல் மரங்களுக்கிடையே காய்க்கும் வெண்ணெய்ப்பழம், உள்ளூரில் பட்டர் புரூட் என்று விற்கப்படும் பழம், 100 கிராமுக்கு ஏறத்தாழ 160 கிலோகலோரியும் நல்ல கொழுப்பும் தருகிறது. சமைக்காமலே கரண்டியால் மசித்து ஊட்டத்தக்கது. சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பதற்கென்றே கூடையில் அடுக்கப்படும் இப்பழத்தில் ஒரு பங்கு வீட்டுக் குழந்தைக்கும் சேர வேண்டும். மலைவாழைப்பழமும், விதை நீக்கி மசித்த கொய்யாவும், ஆரஞ்சுச் சுளையும், பப்பாளியும், மஞ்சள் பூசணியும், கீரையும் உயிர்ச்சத்துகளைத் தருகின்றன.

முட்டை ஆறு மாதத்துக்குப் பின் நன்கு வேகவைத்துத் தரத்தக்க உணவாகும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் உயர்தரப் புரதமும், மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கோலினும், தாவர உணவில் கிடைக்காத பி12 உயிர்ச்சத்தும் உள்ளன. நாட்டின் முட்டை உற்பத்தியில் முன்னணியிலுள்ள நாமக்கல் அண்டை மாவட்டமாக இருக்க, ஏற்காட்டுக் குழந்தைக்கு முட்டை அரிய பொருளாக இருக்க வேண்டியதில்லை.

இரும்பும் காப்பியும்

கேழ்வரகில் இரும்பு உண்டு. 100 கிராமில் 4 முதல் 5 மில்லிகிராம். ஆனால் உணவில் இருப்பது வேறு, உடலில் சேர்வது வேறு. தானியங்களிலும் பருப்புகளிலும் உள்ள பைட்டேட் என்னும் பொருள் இரும்பையும் துத்தநாகத்தையும் பற்றிக்கொண்டு குடல் உறிஞ்சவிடாமல் தடுப்பதால், தாவர உணவின் இரும்பில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் குருதியில் சேர்கிறது. குழந்தை நாளொன்றுக்கு உண்ணும் 40 கிராம் கேழ்வரகு மாவிலிருந்து சேரும் இரும்பு தேவையில் மூன்றில் ஒரு பங்கையும் தொடாது. கேழ்வரகு உண்டால் சோகை வராது என்ற பரவலான நம்பிக்கையை இந்தக் கணக்கு திருத்துகிறது.

முளைகட்டுதலும் புளிக்கவைத்தலும் பைட்டேட்டைக் குறைக்கின்றன. கஞ்சியோடு கொய்யாவோ ஆரஞ்சோ நெல்லிக்காய்ச் சாறோ தரும்போது அவற்றிலுள்ள சி உயிர்ச்சத்து இரும்பை உறிஞ்சத்தக்க வடிவத்தில் வைத்திருக்கிறது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பு வேறு வகையானது. பைட்டேட்டால் பெரிதும் பாதிக்கப்படாதது. வாரத்தில் ஒரு நாள் வேகவைத்து மசித்த கோழி ஈரல் சிறிதளவு தருவது, பல நாள் கீரையை விடக் கூடுதல் இரும்பைச் சேர்க்கும். இவ்வளவும் செய்தாலும் இடைவெளி எஞ்சலாம் என்பதால், 2018-இல் தொடங்கிய சோகையற்ற பாரதம் திட்டத்தின்படி, 6 மாதம் முதல் 5 வயது வரையான குழந்தைகளுக்கு வாரம் இருமுறை 1 மில்லி லிட்டர் இரும்பு, ஃபோலிக் அமில மருந்து வழங்கப்படுகிறது. மருந்துக்குப் பின் மலம் கறுப்பது இயல்பே. அதைக் கண்டு நிறுத்திவிடக் கூடாது.

காப்பி விளையும் மலையில் சொல்லியே ஆக வேண்டிய செய்தி ஒன்று உண்டு. காப்பியிலும் தேயிலையிலும் உள்ள பாலிஃபீனால் என்னும் வேதிப்பொருள்கள் குடலில் இரும்போடு பிணைந்து அதைப் பயனற்றதாக்குகின்றன. வளர்ந்தவர்களிடம் நடத்தி 1983-இல் வெளியான ஓர் ஆய்வில், உணவோடு ஒரு கோப்பைக் காப்பி குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 39 விழுக்காடும், தேநீர் குடித்தபோது 64 விழுக்காடும் குறைந்தது. உண்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த காப்பியும் அதே தடையை உண்டாக்கியது. ஒரு வயதுக் குழந்தைக்குப் பாலாடையில் பால்காப்பி புகட்டுவதும், ரொட்டியைத் தேநீரில் நனைத்துக் கொடுப்பதும் பாசத்தால் செய்யப்படுபவை. ஆனால் ஏற்கெனவே இரும்புக்கு ஏங்கும் உடலிடமிருந்து உள்ளதையும் அவை பறித்துவிடுகின்றன. இரண்டு வயது வரை குழந்தைக்குக் காப்பியும் தேநீரும் அறவே கூடாது. கருவுற்ற தாயும் பாலூட்டும் தாயும் அவற்றை உணவு வேளையிலிருந்து தள்ளி வைப்பது நல்லது. முதல் ஆண்டில் பசும்பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடாகப் புகட்டுவதும் சோகைக்கு வழிகோலும்; அதில் இரும்பு மிகக் குறைவு.

எவ்வளவு ஊட்டுவது

தொடக்கத்தில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி மசித்த உணவு போதும். 6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளையாக, 250 மில்லி லிட்டர் கிண்ணத்தில் படிப்படியாக அரைக் கிண்ணம் வரை உயர்த்தலாம்; 9 முதல் 11 மாதம் வரை மூன்று நான்கு வேளை, அரைக் கிண்ணம், கரகரப்பாக மசித்ததும் விரலால் எடுத்து உண்ணத்தக்கதும்; ஒரு வயதுக்குப் பின் மூன்று நான்கு வேளை, முக்கால் முதல் ஒரு கிண்ணம், இடையே ஓரிரு சிற்றுண்டிகளுடன் வீட்டார் உண்ணும் உணவே. கரண்டியைக் கவிழ்த்தால் உடனே வழிந்தோடாமல் ஒட்டி நின்று மெல்ல விழும் பதமே சரியான பதமாகும்.

இந்த அளவுகள் சராசரியே. ஒரு குழந்தை ஒரு வேளையில் எவ்வளவு உண்ணும் என்பதை அதன் பசியே தீர்மானிக்கிறது. அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ் 1920-களிலும் 1930-களிலும், பால்குடி மறந்த 15 குழந்தைகளிடம் இதனை நேரில் சோதித்தார். தானியம், இறைச்சி, முட்டை, பால், பழம், காய் என முப்பதுக்கும் மேற்பட்ட எளிய உணவுகளின் பட்டியலிலிருந்து ஒவ்வொரு வேளையும் சிலவற்றைத் தட்டுகளில் முன்வைத்து, ஊட்டுபவர் எதையும் பரிந்துரைக்காமல், குழந்தை கைகாட்டியதை மட்டும் தரச் செய்தார். ஒரு வேளை உண்டது மறுவேளையோடு பொருந்தாமல் விசித்திரமாக இருந்தும், குழந்தைகள் அனைவரும் நன்கு வளர்ந்தனர். ஆயினும் டேவிஸ் தாமே சுட்டியபடி, அந்த வெற்றியின் அடிப்படை பட்டியலில்தான் இருந்தது. அதில் சர்க்கரையும் பதப்படுத்திய பண்டமும் இல்லை. எதை வைப்பது என்பது பெரியவர் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் உரிமை. வாயை மூடித் தலையைத் திருப்பும் குழந்தைக்குக் கையைப் பிடித்துத் திணிப்பதும், கைப்பேசியைக் காட்டி அறியாமல் விழுங்க வைப்பதும், பசியையும் நிறைவையும் உணரும் திறனையே மழுங்கச் செய்கின்றன. புதிய சுவை ஒன்றைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டுப் பத்து முறை கூட ஆகலாம் என்பதால், முதல் மறுப்போடு அதைக் கைவிட வேண்டியதில்லை.

விலக்க வேண்டியவை சிலவே. ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது. அதிலிருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமியின் வித்துகள் முதிராத குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். முதல் ஆண்டில் உப்பும், இரண்டு ஆண்டுகள் வரை சர்க்கரையும் சேர்க்க வேண்டியதில்லை. முழு நிலக்கடலை, பலாக்கொட்டைத் துண்டு, கடினமான மிட்டாய் ஆகியவை மூச்சுக்குழலை அடைத்துவிடும். நிலக்கடலையையே விலக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. லண்டனில் 640 குழந்தைகளிடம் நடத்தி 2015-இல் வெளியிடப்பட்ட லீப் ஆய்வில், ஒவ்வாமைக்கு வாய்ப்பு மிகுந்த குழந்தைகளுக்கு 11 மாதத்துக்குள் நிலக்கடலை உணவைத் தொடங்கித் தொடர்ந்து தந்தபோது, நிலக்கடலை ஒவ்வாமை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்தது. மையாக அரைத்துக் கஞ்சியில் கலந்தால், சேலத்து நிலக்கடலை விலை குறைந்த, கொழுப்பும் புரதமும் நிறைந்த குழந்தை உணவாகும். பால்புட்டியின் காம்பைக் கழுவித் தூய்மையாக்குவது கடினமாதலால், கிண்ணமும் கரண்டியும் பாலாடையுமே பாதுகாப்பானவை.

தாயின் நேரம்

இவை யாவும் அறிந்த பின்னும், ஊட்டுவதற்கு ஒருவர் அருகில் இருக்க வேண்டும். சேர்வராயன் மலையில் காப்பி அறுவடை பெரும்பாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்கிறது. பழம் பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலையில் தோட்டத்துக்குச் செல்லும் தாய் மாலையில் திரும்பும்வரை குழந்தை பாட்டியிடமோ மூத்த பிள்ளையிடமோ இருக்கும். நாளுக்கு மூன்று நான்கு வேளை, பொறுமையாக, சூடாக ஊட்டுவது என்பது அப்போது ஏட்டில் உள்ள அறிவுரையாகவே நின்றுவிடுகிறது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், பெண் தொழிலாளர் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேலுள்ள தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் அமைக்க வேண்டும் என்று விதித்தது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளொன்றுக்கு இருமுறை பாலூட்ட இடைவேளை தந்தது. சிறு தோட்டங்களில் நாட்கூலிக்குப் பழம் பறிக்கும் தாயை இத்தகைய பாதுகாப்புகள் எட்டுவது கடினம். பாலைப் பீய்ச்சித் தூய்மையான மூடிய கிண்ணத்தில் வைத்துச் சென்றால், சாதாரண அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் வரை கெடாது. பாட்டி அதைப் பாலாடையால் புகட்டலாம் என்பதை ஒவ்வொரு தாயும் அறிந்திருக்க வேண்டும்.

குழந்தையின் உணவைப் பொதுப் பொறுப்பாக ஏற்பதில் தமிழகத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. மலைநகரமான குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் 1918-இல் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வுப்பணியே பின்னர் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. உலக வங்கியின் உதவியுடன் 1980-இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, வளர்ச்சி தேங்கியவர்களை உடனே கண்டு துணை உணவு தந்தது; மெலிந்த பின் மீட்பதை விட, எடை தேங்கும் முதல் மாதத்திலேயே தலையிடுவதே சிறந்தது என்னும் கோட்பாட்டை அது நிலைநாட்டியது. இன்று அங்கன்வாடிகளில் ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளுக்குத் தரப்படும் சத்துமாவில் கோதுமை, கடலைப்பருப்பு, வெல்லம் ஆகியவற்றோடு முளைகட்டிய கேழ்வரகு மாவும் சேர்க்கப்படுகிறது. ஆய்வகம் கண்ட உண்மை அரசுப் பொட்டலத்துக்குள் வந்து சேர்ந்ததற்கு இது நல்ல சான்றாகும்.

ஆயினும் 2019-21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இன்றி வளர்ச்சி குன்றியுள்ளார். 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்குச் சோகை உள்ளது. முந்தைய ஆய்வில் அது 50.7 விழுக்காடாக இருந்தது. மருத்துவமனைப் பிரசவத்திலும் தடுப்பூசியிலும் முன்னிற்கும் மாநிலத்துக்கு இது ஏற்கத்தக்க நிலையன்று. முதல் இரண்டு ஆண்டுகளில் தவறிய உயரமும், இரும்பின்றி வளர்ந்த மூளை இழந்த திறனும் பின்னர் முழுமையாக மீள்வதில்லை என்பதால், இக்கணக்கில் தாமதத்துக்கு இடமில்லை.

சேர்வராயன் மலைக்கு வேண்டிய உணவு அம்மலையிலும் அதன் அடிவாரத்திலும் விளைகிறது: முளைகட்டிய கேழ்வரகு, குழைய வெந்த பருப்பு, அரைத்த நிலக்கடலை, முட்டை, கொய்யா, வெண்ணெய்ப்பழம், வாரம் ஒருமுறை ஈரல். அதைச் சமைக்கும் அறிவையும் கிராமச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் கொண்டுசேர்க்க வல்லவர்கள். எஞ்சியிருப்பது நேரமும் இடமும் ஆகும். அறுவடை மாதங்களில் தாய்மார் தோட்டத்திலிருந்து திரும்பும் நேரம்வரை அங்கன்வாடியும் காப்பகமும் திறந்திருக்குமானால், இரண்டு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் அங்கே நண்பகலில் ஒரு கிண்ணம் செறிவான சூடான உணவு பொறுமையாக ஊட்டப்படுமானால், காப்பி விளைவிக்கும் கைகளின் குழந்தைகள் சோகையோடும் குன்றிய உயரத்தோடும் வளர வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. அரசும் தோட்ட உரிமையாளரும் ஊராட்சியும் சேர்ந்து மேற்கொள்ள வேண்டிய கடமை இது. இதன் பயன் ஒரு தலைமுறையின் உடலிலும் அறிவிலும் நிலைத்து நிற்கும்.